வரைபடத்தைக் கொடுங்கள், முதல் தாளோடு

வாசகர் கேள்வி: ஐயா, நான் பண்டாரவளையில் அலுமினிய ஜன்னல், கதவு பொருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். வீடு ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். சின்ன வயதிலிருந்தே பறக்கிற சாமான் என்றால் எனக்குப் பைத்தியம். அமெரிக்காவில் ஒருவர், தான் கட்டிய ஒற்றை ஆள் கிளைடரின், அதாவது இயந்திரமில்லாத விமானத்தின், வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். 40 தாள். அதை மில்லிமீட்டருக்கு மாற்றி, தமிழில் குறிப்பு எழுதி, இங்கே கிடைக்கும் சாமானுக்கு ஏற்றபடி சில இடங்களைத் திருத்தி, 22 தாளில் அடக்கி நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஹட்டன், வெலிமடை, நுவரெலியாவிலிருந்து மூன்று பேர் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். ஒருவன் உயர்தரம் படிக்கிற பையன். இப்போது எங்கள் ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் கொடுக்கிற சாமானா? ஏதாவது நடந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்று பயமுறுத்துகிறார். கொடுக்கலாமா, கூடாதா? மாதிரிக்கு 7ஆம் தாளை அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, கொடுக்கலாம். ஆனால் குழுவில் இப்போது கிடக்கும் அந்தக் கோப்பை முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது முரணாகத் தெரியும். 7ஆம் தாளை எடுத்துப் பேசினால் காரணம் விளங்கும்.

அதற்கு முன் உங்கள் ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. கிளைடர் என்ற கலையே வரைபடம் கைமாறி வளர்ந்ததுதான். ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் தன் இறக்கை அளவீடுகளை 1889இல் அச்சிட்டே வெளியிட்டார். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர் இங்கிலாந்தின் பேர்சி பில்ச்சர். அமெரிக்காவில் ஒக்டேவ் ஷனூட் என்ற பாலப் பொறியியலாளர், உலகில் யார் என்ன செய்தாலும் திரட்டி எல்லோருக்கும் எழுதினார். பாலத்துக்குப் போடும் குறுக்குக் கம்பி முறையை இரட்டை இறக்கைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ரைட் சகோதரர்கள் 1900இலிருந்து அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தார்கள். பிரேசில்காரர் சந்தோஸ் துமோன் தன் ‘டெமோய்செல்’ விமானத்துக்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. மூங்கில் உடல் கொண்ட அந்தக் குட்டி விமானத்தின் வரைபடம் 1910இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் வந்தது, விரும்பியவர்கள் கட்டினார்கள். ஆகவே கொடுப்பது தப்பில்லை. அதே நேரம் லிலியந்தால் 1896இலும் பில்ச்சர் 1899இலும் கிளைடரிலிருந்து விழுந்துதான் இறந்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. பில்ச்சருக்கு வால் பகுதியில் ஒரு கழி முறிந்தது, அவ்வளவுதான் நடந்தது.

இப்போது உங்கள் 7ஆம் தாள். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய் உடலோடு சேரும் இடத்துத் தகடு. கோடு சுத்தமாக இருக்கிறது, கை நல்ல கை, அதைப் பாராட்ட வேண்டும். மூலத் தாளில் துளை 3/16 அங்குலம், நம் பாஸ்மார் கணக்கில் ஒன்றரை நூல். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் 3/8 அங்குலம், மூன்று நூல். அந்த இரண்டு எண்ணும் சும்மா வந்தவை அல்ல. துளையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே துளை விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது விமான வேலையில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. மூலத்தில் சரியாக இரண்டு மடங்கு, ஒரு மயிரிழை மிச்சமில்லை.

நீங்கள் மாற்றியதில் துளை 5 மி.மீ., ஓரம் 9 மி.மீ. உண்மையான எண்கள் 4.76, 9.53. துளையை மேலே முழுமையாக்கி, ஓரத்தைக் கீழே முழுமையாக்கியிருக்கிறீர்கள். இரண்டும் கெட்ட பக்கம் போய்விட்டன. துளை விளிம்புக்கும் தகட்டு ஓரத்துக்கும் நடுவே இருந்த 7.1 மி.மீ. உலோகம் 6.5 ஆகிவிட்டது. மடங்குக் கணக்கில் 1.8. ஜன்னல் சட்டத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே உங்கள் உடல் எடையின் பல மடங்கு அந்த 6.5 மி.மீ. தகட்டில் தொங்கும். அளவு மாற்றும்போது முழுமையாக்காதீர்கள். 9.53 என்றால் 9.53 என்றே எழுதுங்கள். வேர்னியர் வைத்திருக்கிறவர் அளப்பார், இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

அதே தாளில் "5 மி.மீ. போல்ட்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மூலத்தில் அந்த இடத்தில் ஏஎன்-3 என்று இருந்திருக்கும். தலையில் குறுக்குக் கோட்டு அடையாளம் உள்ள விமானப் போல்ட் அது. இழுத்தால் அறும் பலம் சுமார் 860 மெகாபாஸ்கல் (உலோகத்தின் பலத்தை அளக்கும் அலகு). பிடிக்கும் பகுதி முழுவதும் வழவழப்பு, புரி முனையில் மட்டும். ஹாட்வெயார் கடையில் "5 மி.மீ. போல்ட்" என்று கேட்டால் தலை வரை புரி வெட்டியதைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். தலையில் 8.8 என்ற தர எண் பொறிக்காத சாதாரணச் சரக்கு 400 மெகாபாஸ்கல் அளவில்தான் நிற்கும். புரியின் அடிப்பகுதியில் விட்டம் 4 மி.மீ. தான் மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு அந்தப் புரி, மென்மையான அலுமினியத் துளைக்குள் அரம் மாதிரி வேலை செய்யும். பறக்கப் பறக்கத் துளை முட்டை வடிவமாகும்.

இதைவிடப் பெரிய விஷயம் குழாய். நீங்கள் அலுமினியக் கடையில் இருப்பதால் இதை நீங்களே பிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், கோபிக்க வேண்டாம். மூல வரைபடங்களில் குழாய்க்குப் பக்கத்தில் 6061-டி6 என்று எழுதியிருக்கும்; 6061 கலவையின் எண், டி6 அதைச் சூடாக்கிக் கடினமாக்கிய பதம். உங்கள் தாளில் "அலுமினியக் குழாய், 1.5 மி.மீ. சுவர்" என்று மட்டும் இருக்கிறது. உங்கள் கடைக்கு வரும் நீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் 6063 வகை, டி5 பதம். ஜன்னலுக்கு அதுதான் பொருத்தம்: அச்சில் சுலபமாக வழியும், மேற்பரப்பு அழகாக வரும், நிறம் பிடிக்கும். ஆனால் 6061-டி6 சுமார் 275 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். 6063-டி5 சுமார் 145இலேயே வளைந்துவிடும். ஏறக்குறைய பாதி.

ஆபத்து என்னவென்றால், கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எடை ஒன்று. இரண்டு முட்டுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும், ஏனென்றால் விறைப்பு எல்லா அலுமினியக் கலவைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. பலமாக அழுத்தினால்தான் வித்தியாசம்: ஒன்று திரும்பி நேராகும், மற்றது திரும்பாது. அது தெரியவரும் கணம் தரையில் வர வேண்டுமே தவிர ஆகாயத்தில் வரக் கூடாது. ஆகவே குழாய் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் கலவை எண்ணும் பதமும் எழுதுங்கள். வாங்குபவர் ஆலைச் சான்றிதழோ குழாய் மேல் அடித்திருக்கும் அச்சோ இல்லாமல் வாங்கக் கூடாது என்றும் எழுதுங்கள். 6061 கொழும்பில் தேட வேண்டும், விலையும் கூடும். "இங்கே கிடைக்கும் சாமானுக்கு ஏற்றபடி" என்ற உங்கள் வாக்கியம்தான் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வாக்கியம்.

"சுவரைத் தடிப்பாக்கினால் 6063 போதாதா?" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். போதலாம். ஆனால் அப்போது எடை கூடும், எடை கூடினால் தரையிறங்கும் வேகம் கூடும், வேகம் கூடினால் எல்லாச் சுமையும் கூடும். அது இன்னொரு விமானம். அதற்கு இன்னொரு கணக்கு, இன்னொரு சோதனை, இன்னொரு பெயர் வேண்டும். மூல வடிவமைப்பாளரின் பெயரில் அதைக் கொடுக்க முடியாது.

சரி, 40 தாளை 22 ஆக்கியதற்கு வருகிறேன். எதை விட்டீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் விடுபடுவது கம்பி முனை விவரமும் பொருத்தும் வரிசையும் எடைச் சமநிலைத் தாளும்தான், ஏனென்றால் அவற்றில் படம் குறைவு, எழுத்து அதிகம். ஆனால் ஆளைக் காப்பாற்றும் தாள்கள் அவைதான். செப்புக் குழலை அழுத்திக் கம்பி முனையை மூடும்போது எத்தனை அழுத்து, எந்த வரிசையில், அழுத்திய பிறகு எந்த அளவு மானியில் நுழைய வேண்டும் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. சமநிலையும் அப்படியே. வடிவமைப்பாளர் 80 கிலோ ஆளாக இருந்து, உங்கள் வெலிமடை நண்பர் 52 கிலோ என்றால், ஆசன இடம் மாறவோ மூக்கில் பாரம் ஏற்றவோ வேண்டும். வால் பக்கம் கனத்த கிளைடரை அனுபவசாலிகூடச் சமாளிக்க முடியாது. 40 தாளும் போகட்டும்.

அச்சிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கர் தாள் அகலம் 216 மி.மீ., நம் ஏ4 அகலம் 210. கொமியூனிகேஷன் கடைக்காரர் "தாளுக்குப் பொருத்து" என்று தட்டினால் படம் சுமார் 3 சதவீதம் சுருங்கி வரும். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தை, அதாவது விலா எலும்பை, அச்சிட்ட படத்தை ஒட்டி வெட்டுபவருக்கு இறக்கையின் 1200 மி.மீ. அகலம் 1167 ஆகும். அதைவிட மோசம், ஒருவர் அச்சிட்ட படத்தையும் இன்னொருவர் எண்ணையும் நம்பி வெட்டினால் இரண்டு இறக்கையும் இரண்டு அளவு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, "இதை அளந்து பார், 100 இல்லாவிட்டால் தாளைக் கிழி" என்று எழுதுங்கள்.

இனி நான் சொல்லும் முதல் தாள். விமானப் பராமரிப்பில் எந்த வரைபடத்தைத் தொட்டாலும் நாங்கள் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, மூலையில் இருக்கும் சிறு பெட்டியைத்தான். என்ன திருத்த எழுத்து, எந்தத் தேதி, யார் மாற்றினார், யார் சரிபார்த்தார். ‘பி’ வந்த பிறகு ‘ஏ’ தாள் மேசையில் கிடந்தால் அதுவே குற்றம். உங்கள் தொகுப்பில் அப்படி எதுவும் இல்லை. குழுவில் போட்ட பிடிஎப் நாலு கை மாறினால், எது உங்கள் பழையது, எது திருத்தியது, எது ஹட்டன் நண்பர் தன் இஷ்டத்துக்கு மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் தாளில் இவை இருக்கட்டும்: மூல வரைபடம் யாருடையது, எந்தத் தேதியில் எடுத்தது, நீங்கள் மாற்றிய ஒவ்வொன்றும் தாள் எண்ணோடு, மாற்றியதற்குக் காரணம். அப்புறம் பெரிய எழுத்தில், "இந்த மாற்றங்களோடு இதுவரை ஒன்றும் கட்டப்படவில்லை, சுமை ஏற்றிச் சோதிக்கவில்லை, பறக்கவில்லை." மூலக் கோப்பையும் கூடவே கொடுங்கள், சந்தேகம் வந்தவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று, கோப்பு யாரிடம் போயிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு தகட்டில் பிழை என்று தெரிந்தால் அவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். வடிவமைப்பை விற்கும் நல்ல கம்பனிகள் செய்வதும் இதைத்தான், பிழை தெரிந்தால் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் அறிவித்தல் போகும். "குழுவில் போட்டேன், பார்த்திருப்பார்கள்" என்பது அறிவித்தல் ஆகாது.

சுமைச் சோதனையும் கட்டாயம் வேண்டும். இறக்கைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து மணல் மூட்டை அடுக்குவது பழைய முறை, இன்றும் நல்ல முறை. கணக்கு சுலபம். கிளைடரும் ஆளும் சேர்ந்து 140 கிலோ, அதில் இறக்கை 35 என்று வையுங்கள். நாலு மடங்கு சுமைக்கு இறக்கை எடை போக 105ஐ நாலால் பெருக்கினால் 420. கவிழ்ந்து கிடக்கும் இறக்கையின் சொந்த 35 ஏற்கனவே கீழ்நோக்கித்தான் இழுக்கிறது, ஆகவே மூட்டை 385 கிலோ, இரு பக்கத்துக்கும் சரிபாதி. முனைப் பக்கம் குறைவாக, நடுப்பக்கம் கூடுதலாக அடுக்க வேண்டும். அடுக்கும்போது கீழே முட்டுக் கொடுத்து, பிறகு முட்டை மெல்ல இறக்குங்கள். இறக்கி எடுத்த பிறகு ஒரு குழாயாவது பழைய நேருக்குத் திரும்பாமல் நின்றால் அந்த இறக்கை பறக்காது. எத்தனை மடங்குக்கு வடிவமைத்தது என்று மூலத்தில் தேடுங்கள், என் நாலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உரிமை விஷயத்தில் உங்களுக்குப் பிரச்சினை குறைவு. மூலக்காரரே பொதுவில் விட்டுவிட்டார். மைக் சாண்ட்லின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரும் தன் ‘பக்’, ‘கோட்’ கிளைடர்களை இப்படித்தான் விட்டார். ஆனால் எல்லா வரைபடமும் அப்படியல்ல. காசுக்கு விற்கும் தொகுப்புகள் பலவற்றில் ஒரு விமானம் கட்டத்தான் உரிமை. இங்கே 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கிறது, மொழிமாற்றமும் திருத்தமும் அதற்குள் அடங்கும். "இலவசமாகப் பார்க்கலாம்" என்பதும் "மாற்றிப் பகிரலாம்" என்பதும் ஒன்றல்ல, அவர் எழுதியிருக்கும் வாசகத்தை அப்படியே முதல் தாளில் ஒட்டுங்கள்.

ஆசிரியர் சொன்ன பொறுப்புக்கு நேரான பதில் ஒரு வழக்கறிஞரிடம்தான் கிடைக்கும். என் தொழில் அறிவுக்கு எட்டியது: "சொந்தப் பொறுப்பில் கட்டவும்" என்ற ஒற்றை வரி பெரிய கேடயம் ஒன்றுமில்லை. தெரிந்தே விவரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தவருக்கு அது உதவும் என்று நான் நம்ப மாட்டேன்.

கட்டுவதும் பறப்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் 1982இல் வந்த விதி ஒன்றின்படி, இயந்திரம் இல்லாத, 155 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 70 கிலோவுக்குக் குறைந்த ஒற்றை ஆள் கிளைடருக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். உங்கள் மூல வரைபடம் அந்த விதியை மனதில் வைத்து வரைந்ததாகவே இருக்கும். அந்த விதி ஹப்புத்தளையில் செல்லாது. இங்கே 2010ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டம் இருக்கிறது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இருக்கிறது. ட்ரோனுக்கே அனுமதி கேட்கும் நாட்டில் ஆள் ஏறும் சாமானை அனுமதியில்லாமல் மேலே எடுக்க முடியாது. குழாய் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தியத்தலாவையில் முகாம், பீதுருதலாகலையில் ராடர் என்று நம் பக்கத்து ஆகாயம் வெறும் ஆகாயமும் அல்ல. தோட்டத்து மேட்டில் ஓடிப் புறப்படுவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

வரைபடத்தில் போட்டிருக்கும் வேகங்களுக்குப் பக்கத்தில் நம் மலைக்கான குறிப்பொன்றும் சேருங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. காற்று கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு லேசு. இறக்கை பிடி விடும் வேகம், அதாவது அது தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், உண்மையில் சுமார் 10 சதவீதம் கூடும். கருவி அதைக் காட்டாது, தரையில் மோதும் கால் மட்டும் உணரும். மோதும் ஆற்றல் 20 சதவீதம் கூடுதல். அப்புறம் ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் அடிக்கும் கச்சான் காற்று. ஹப்புத்தளை முகட்டின் தெற்குச் சரிவில் அது ஏறும் காற்று, பண்டாரவளைப் பக்கம் அதே காற்று சுருண்டு இறங்கும். தேயிலைக்கு வாசம் தருகிற அந்தக் காற்றில் இந்தப் பக்கம் 70 கிலோ கிளைடரோடு நிற்பது தற்கொலை. மின்கம்பியும் கொழுந்து இறக்கிய பழைய கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது.

அந்த உயர்தரப் பையனுக்கு இந்தத் தொகுப்பைக் கொடுக்காதீர்கள். அவனுக்கு இதே கிளைடரை ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து கொடுங்கள். மெல்லிய மூங்கில், டிஷூ தாள், மூக்கில் களிமண். பாரத்தை ஒரு விரல் முன்னால் தள்ளினால் அது எப்படித் தலைகுப்புற விழுகிறது, இன்னொரு விரல் பின்னால் தள்ளினால் எப்படி மேலே நிமிர்ந்து நின்று பிடி விட்டு விழுகிறது என்று பாடசாலை மைதானத்தில் ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்வான். உண்மையைச் சொன்னால் மற்ற இரண்டு பேருக்கும் உங்களுக்கும்கூட அது வேண்டும். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆள் இல்லாமல் மூவரும் கட்டி முடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

இப்போதைக்குக் கோப்பை எடுத்துவிட்டேன் என்று குழுவில் போட்டால் மட்டும் போதாது. மூன்று பேருக்கும் தனித்தனியாக அழைப்பெடுங்கள். குழாய் வாங்கிவிட்டார்களா, வாங்கியிருந்தால் பில்லில் என்ன வகை எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 6063 என்றிருந்தால் வெட்டுவதற்கு முன் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். விடுபட்ட 18 தாளையும், துளையும் ஓரமும் திருத்திய 7ஆம் தாளையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.